பதில்: ரத்தமே குடிக்காத ஆண் கொசுவுல வைரஸ் எப்படி வந்துச்சு?

முட்டையிலருந்து லேப்லயே வளர்த்த ஏடிஸ் எஜிப்டி (டெங்கு பரப்புற கொசு), ரத்தமே குடுக்கல, ஆனா ஆண் கொசு சாம்பிள்லயும் பிசிஆர் டெஸ்ட்ல ஃபிளாவிவைரஸ் (டெங்கு வைரஸோட குடும்பம்) இருக்குன்னு காட்டுற பேண்ட் வருது, வெளியிலருந்து கலந்த கண்டாமினேஷனான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்பட்டு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடாதீங்க. கொசுவுக்குள்ள மட்டுமே பெருகுற வைரஸ் நிறைய இருக்கு, 1975லயே இதே கொசுவோட செல் லைன்ல (லேப்ல தொடர்ந்து வளர்க்கிற செல்கள்) செல் ஃபியூசிங் ஏஜென்ட் வைரஸ்னு ஒரு ஃபிளாவிவைரஸைக் கண்டுபிடிச்சாங்க, அது மனுஷன், பறவை செல்லுல எல்லாம் பெருகாது, அதனால ரத்தத்தை நம்பி இருக்க வேண்டிய அவசியமே இல்லாம தாய்கிட்டருந்து முட்டை வழியா குஞ்சுக்குப் போயிட்டே இருக்கும். காட்டுக் கொசுக்கூட்டத்துல அது அழியாம நிக்கிறதே முக்கியமா இப்படித்தான். இணைசேரும்போதும் கொஞ்சம் தொத்தும்.

ஆனா ஒரு சிக்கல், ஏடிஸ் ஜீனோமுக்குள்ளயே பழைய ஃபிளாவிவைரஸ் துண்டுங்க ஒட்டிக்கிட்டு கிடக்கு, அதுலருந்து ஆர்என்ஏவும் வரும் (கடுப்பேத்துற விஷயம்), உங்க பேண்ட் அதாவும் இருக்கலாம். கொசு டிஎன்ஏவை தனியா எடுத்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன் (ஆர்என்ஏவை டிஎன்ஏவா மாத்துற படி) இல்லாம அதே பிரைமர்ல (வைரஸைத் தேடிப் பிடிக்கிற குட்டி டிஎன்ஏ துண்டு) பிசிஆர் ஓட்டுங்க. அதுலயும் பேண்ட் வந்தா பெரும்பாலும் ஜீனோம் துண்டுதான், சீக்வென்ஸ் பண்ணிப் பாருங்க, நடுவுல ஸ்டாப் கோடான் (புரதம் செய்யறதை நிறுத்துற குறியீடு) இருந்தா சந்தேகமே வேணாம். பேண்ட் வரலைன்னா முட்டையை மேல ஒட்டினது போக ப்ளீச்ல கழுவிட்டு குஞ்சு பொரிய விட்டு, லார்வாவை (கொசுப்புழு) ஒண்ணொண்ணா டெஸ்ட் பண்ணுங்க.