கர்நாடகத்தின் கபினி காட்டில் ஜீப் சஃபாரிக்கு 100-400 மிமீ ஜூம் லென்ஸ் போதுமா, 150-600 வேண்டுமா? என் கேமரா ஏபிஎஸ்-சி.

உங்கள் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி, அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் (35 மிமீ ஃபிலிம் அளவு) சிறிய சென்சார் என்பதால் 100-400 எடுங்கள். சிறிய சென்சார் காட்சியின் ஓரங்களை வெட்டிவிடும்; அந்த 1.5 மடங்கு கிராப்பில் அதன் 400 மிமீ, ஃபுல் ஃபிரேமில் 600 மிமீ காட்டும் அளவுக்கே காட்டும். யானையும் காட்டுமாடும் பாதையோரமே நிற்கும். 150 மிமீ உங்கள் கேமராவில் 225 ஆகிவிடுவதால், பக்கத்தில் நிற்கும் யானை அடங்காது. அதற்காகப் புழுதியில் லென்ஸைக் கழற்றி மாற்றுவதும் சென்சாருக்கு நல்லதல்ல.

பறவைகள்தான் முக்கியம் என்றால் மட்டும் 150-600. ஏறக்குறைய 2 கிலோ. கை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

படம் மங்கினால் பலர் லென்ஸைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஷட்டர் வேகம்தான். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷன் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், விலங்கின் அசைவை அல்ல. நிற்கும் விலங்குக்கு 1/500 நொடி, ஓடுவதற்கு 1/1600 வையுங்கள். விடியற்காலைக் காட்டில் எஃப் 6.3 என்ற லென்ஸ் திறப்பில் அந்த வேகம் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200, 6400 வரை போகத்தான் வேண்டும். தயங்காதீர்கள்: அதனால் படத்தில் வரும் புள்ளி இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், மங்கலை மீட்க முடியாது.

ஜீப்பில் முக்காலிக்கு இடமில்லை. காலித் துணிப்பை கொண்டுபோய், அங்கே ஒன்றரைக் கிலோ அரிசி நிரப்பி ஜீப்பின் கம்பிமேல் வைத்து அதில் லென்ஸைச் சாயுங்கள். எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு எடுங்கள். அந்த அதிர்வு பைக்குள்ளும் வரும்.