சின்ன சிஎன்சியும் திறந்த மூல மென்பொருளும்: கேள்வி பதில்

மொட்டை மாடி அறையிலும் சின்னப் பட்டறையிலும் சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் மிஷின்) வைத்திருப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஷினைக் கட்டுப்படுத்தும் திறந்த மூல மென்பொருள் ஜிஆர்பிஎல் ஆனாலும் லினக்ஸ்சிஎன்சி ஆனாலும், மிஷினை ஓட்டும் எண்கள் எல்லாம் (ஜிஆர்பிஎல்லில் இவை $ குறியோடு வரும்) உங்கள் கண் முன்னே திறந்து கிடக்கின்றன. ஓட்டம் பிசகினால், மென்பொருளை மாற்றும் முன் அந்த எண்களைப் பாருங்கள்.

கேள்வி: சார், 3018 என்கிற சின்ன மேசை சிஎன்சி மிஷின் வாங்கியிருக்கிறேன். அதில் ஜிஆர்பிஎல் வந்திருக்கிறது. லினக்ஸ்சிஎன்சிக்கு மாறினால் வேலை சுத்தமாக வருமா?

பதில்: வராது. ஜிஆர்பிஎல் 2009-ல் தொடங்கியது. அர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கிற 16 மெகாஹெர்ட்ஸ் சிப்பிலேயே ஓடும்படி எழுதப்பட்டது. மோட்டாரை ஒவ்வொரு சின்ன அடியாக நகர்த்தும் ஸ்டெப் துடிப்பு, நொடிக்குச் சுமார் 30,000 என்பது அதன் உச்சம். உங்கள் மிஷினில் ஒரு மி.மீ.க்கு 800 ஸ்டெப் என்றால், 30,000-ஐ 800-ஆல் வகுத்தால் நொடிக்கு 37.5 மி.மீ., அதாவது நிமிடத்துக்கு 2,250 மி.மீ. வெட்டும்போது 3018-ன் சின்ன மோட்டாரும் மெலிந்த சட்டமும் அதற்கு வெகு முன்பே திணறிவிடும். மென்பொருள் உங்களைத் தடுக்கவில்லை.

லினக்ஸ்சிஎன்சியின் வேர் வேறு. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 1990-களில் நிஜத் தொழிற்சாலை மிஷின்களுக்காக உருவாக்கிய கட்டுப்பாட்டு மென்பொருளிலிருந்து வளர்ந்தது அது. லேத்தில் மரை போட வேண்டும், ஐந்து அச்சு வேண்டும், சர்வோ மோட்டாரை என்கோடரோடு (சுழற்சியை அளந்து சொல்லும் கருவி) ஓட்ட வேண்டும் என்றால் அங்கே போங்கள். வெறும் வேகம் மட்டும் போதவில்லை என்றால், 32 பிட் போர்டில் ஓடுகிற ஜிஆர்பிஎல்ஹால் அல்லது ஈஎஸ்பி32-ல் ஓடுகிற ஃப்ளூயிட்என்சி போதும்.

கேள்வி: அண்ணா, பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ்சிஎன்சி போட்டேன். லேட்டன்சி டெஸ்ட்டில் 1,80,000 என்று காட்டுகிறது. கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த எண் நானோ நொடியில் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர், கேட்ட நேரத்திலிருந்து மிக அதிகமாகத் தவறியது 180 மைக்ரோ நொடி என்று பொருள். பேரலல் போர்ட் (பழைய பிரின்டர் இணைப்பு) வழியாகக் கம்ப்யூட்டரே ஸ்டெப் துடிப்பைத் தயாரிக்கும்போது, 20 மைக்ரோ நொடிக்குள் இருந்தால் அருமை. 30 முதல் 50 வரை இருந்தால் ஓடும், ஆனால் உச்ச வேகம் குறையும். 100-ஐத் தாண்டினால் அந்த வழி ஒத்துவராது. துடிப்பு நேரம் தப்பினால் மோட்டார் உறுமும், ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும்.

முதலில் பயோஸுக்குள் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கிற அமைப்புத் திரை) போய் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைப்புகளையும் ஹைப்பர் த்ரெடிங்கையும் அணையுங்கள். போர்டிலேயே இருக்கிற கிராபிக்ஸ்தான் சில நேரம் வில்லன். பழைய வீடியோ கார்டு ஒன்றைச் சொருகிப் பாருங்கள். அப்புறம் டெஸ்ட்டைச் சும்மா ஓடவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். வீடியோ ஓடட்டும், ஜன்னல்களை இழுத்துப் போடுங்கள், பெரிய ஃபைல்களை நகலெடுங்கள். இப்படி ஒரு மணி நேரம் போன பிறகு வருகிற எண்தான் நம்பத் தகுந்தது. முதல் ஐந்து நிமிடத்தில் நல்ல எண் வந்துவிட்டது என்று மகிழ்ந்து மோட்டாரை இணைத்தவர்கள் பிறகு தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு 180 அப்படியே நின்றால், ஈத்தர்நெட் வழியாக இணைகிற மெசா கார்டு ஒன்று வாங்குங்கள். துடிப்பை அந்தக் கார்டே தயாரித்துவிடும். கம்ப்யூட்டர் ஒரு மில்லி நொடிக்கு ஒரு முறை கார்டோடு பேசினால் போதும். அதற்கு 180 மைக்ரோ நொடி தாமதம் பெரிய விஷயமில்லை. செலவு உண்டுதான், ஆனால் வேறு கம்ப்யூட்டர் தேடி அலைவது மிச்சம்.

கேள்வி: லேப்டாப்பில் யுஎஸ்பி-பேரலல் கன்வெர்ட்டர் மாட்டினால் லினக்ஸ்சிஎன்சி ஓடுமா?

பதில்: ஓடாது. யுஎஸ்பி தரவை மூட்டை மூட்டையாகக் கட்டித்தான் அனுப்பும். இங்கே வேண்டியது ஒவ்வொரு துடிப்பும் குறித்த நேரத்துக்கு. யுஎஸ்பி வழியாக ஓட்ட ஜிஆர்பிஎல்தான் சரி. அங்கே நேரக் கணக்கைப் போர்டே பார்த்துக்கொள்கிறது.

கேள்வி: வெட்டும் பிட்டைச் சுழற்றுகிற ஸ்பிண்டிலை ஆன் செய்த உடனே ‘அலாரம் 1’ வந்து மிஷின் நின்றுவிடுகிறது. அச்சு எல்லைக்குப் போனால் மிஷினை நிறுத்தும் லிமிட் ஸ்விட்சை எதுவும் தொடவே இல்லை. $21=0 என்று போட்டால் சரியாகிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். $21-ஐ அணைத்தால் லிமிட் ஸ்விட்ச் இருந்தும் இல்லாத மாதிரிதான். நோய் எது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்: ஸ்பிண்டிலிலிருந்து கிளம்பும் மின் இரைச்சல் ஸ்விட்ச் கம்பியில் ஏறுகிறது. ஸ்விட்ச் கம்பியின் மின்னழுத்தத்தை மேலே பிடித்து வைக்க சிப்புக்குள்ளே இருக்கிற புல்-அப் ரெசிஸ்டர் மிகவும் பலவீனமானது. ஸ்பிண்டில் கம்பியோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிய நீளமான ஸ்விட்ச் கம்பி ஆன்டெனாவாகவே வேலை செய்யும்.

டேக் போட்டுக் கட்டிய கம்பிகளை அவிழுங்கள். ஸ்பிண்டில் கம்பி ஒரு பக்கம், ஸ்விட்ச் கம்பிகள் மறு பக்கம் போகட்டும். இரண்டும் குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். ஸ்விட்சுக்கு ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டைப் போர்டு பக்கம் மட்டும் கிரவுண்டில் இணையுங்கள். போர்டு அருகே சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வையுங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

கையோடு ஸ்விட்சுகளை நார்மலி க்ளோஸ்டு முறைக்கு (தொடாதபோது மின்சுற்று மூடியிருக்கும்) மாற்றி, சிக்னலை அதற்கேற்பத் திருப்பிப் படிக்க $5=1 போடுங்கள். அப்போது கம்பி அறுந்தாலும் மிஷின் நிற்கும். இப்போதுள்ள முறையில் அறுந்த கம்பி தெரியவே தெரியாது, மோதிய பிறகுதான் தெரியும். மூன்று பின் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பல பழைய கட்டடங்களில் அந்த ஓட்டை அலங்காரத்துக்குத்தான்.

கேள்வி: 100 மி.மீ. சதுரம் வெட்டினால் 98.7 வருகிறது. $100-ஐ (எக்ஸ் அச்சில் ஒரு மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்ற எண்) கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன், நிலைக்கவில்லை.

பதில்: வெட்டிய துண்டை அளந்து $100-ஐத் திருத்தக் கூடாது. பிட் சாய்ந்து சுற்றினால், கேம் மென்பொருளில் (வரைபடத்தை வெட்டும் பாதையாக மாற்றுவது) கொடுத்த விட்டத்தைவிட அகலமாக வெட்டும், சதுரம் சின்னதாகும். அதற்கும் ஸ்டெப்புக்கும் சம்பந்தமில்லை.

கணக்கிலிருந்து வாருங்கள். மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவரில் ஒவ்வொரு ஸ்டெப்பும் 16 மைக்ரோஸ்டெப், அச்சை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தினால் 200 × 16 ÷ 4 = 800. இதைப் போட்டுவிட்டு, எதையும் வெட்டாமல், டயல் கேஜோ வெர்னியரோ வைத்து நகர்வை மட்டும் அளங்கள். 50 மி.மீ.யிலும் 150 மி.மீ.யிலும் பிழை அதே விகிதத்தில் வளர்ந்தால் எண் தப்பு. திசை திரும்பும்போது மட்டும் ஒரே அளவு விழுங்கினால் லீட் ஸ்க்ரூ நட்டில் ஆட்டம். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் மோட்டாரையும் லீட் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளரின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடுகிறது. எக்ஸ் அச்சின் முடுக்கமான $120-ஐக் குறைத்துப் பாருங்கள். நட் ஆட்டத்தை ஈடுகட்ட ஜிஆர்பிஎல்லில் வழி இல்லை. லினக்ஸ்சிஎன்சியில் உண்டு, ஆனால் அங்கேயும் நட்டை இறுக்கிய பிறகு மிஞ்சுவதற்குத்தான் அது.

கேள்வி: வேலை முடிந்து கொஞ்ச நேரத்தில் இசட் அச்சு (மேலும் கீழும் நகர்வது) தானாக இறங்கிவிடுகிறது.

பதில்: $1=255 என்று போடுங்கள். வேலை நின்ற பிறகும் மோட்டார் பிடி விடாது. கரன்ட் போனால் இறங்கத்தான் செய்யும், அதனால் அணைக்கும் முன் அடியில் மரக்கட்டை வையுங்கள்.

கேள்வி: திரையில் ஸ்டாப் பட்டன் இருக்கும்போது தனியாக எமர்ஜென்சி ஸ்டாப் தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. யுஎஸ்பி கேபிள் பிடுங்கிக்கொண்டாலும் ஜிஆர்பிஎல் ஏற்கெனவே வாங்கி வைத்த பத்துப் பதினைந்து நகர்வுகளை முடித்துவிட்டுத்தான் நிற்கும், ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது திரையை அழுத்தி என்ன பயன்? சிவப்புக் காளான் பட்டன் ஸ்பிண்டிலின் மின்சாரத்தையும் மோட்டார் மின்சாரத்தையும் நேரடியாகத் துண்டிக்க வேண்டும். இசட் சறுக்காமல் தாங்க ஒரு ஸ்பிரிங்கும் போடுங்கள். லினக்ஸ்சிஎன்சியில் அதே பட்டனின் இன்னொரு தொடர்பை ஹால் (அதன் சிக்னல்களை இணைக்கும் அடுக்கு) வழியாக உள்ளே சொல்லிவிடலாம். ஆனால் முதலில் கம்பி, அப்புறம்தான் மென்பொருள்.

கேள்வி: கோயம்புத்தூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய லேத்தை மாற்றி மரை போட முடியுமா?

பதில்: தாராளமாக, லினக்ஸ்சிஎன்சியில். லேத்தின் ஸ்பிண்டிலில் (இங்கே தடியைச் சுழற்றுவது), சுழற்சியின் அளவையும் திசையையும் காட்டும் ஏ, பி தடங்களோடு, சுற்றுக்கு ஒரு முறை இன்டெக்ஸ் துடிப்பும் தருகிற என்கோடர் வேண்டும். மரை போடும் ஜி76 கட்டளை ஒவ்வொரு முறையும் அந்த இன்டெக்ஸ் வரும்வரை காத்திருந்து கிளம்பும். அதனால் டூல் அதே பள்ளத்தில் இறங்கும். ஸ்பிண்டில் வேகம் பாரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் இசட் (லேத்தில் தடியின் நீளவாக்கில் நகர்வது) கூடவே குறைந்து போகும், பிட்ச் (மரைகளின் இடைவெளி) கெடாது. முதல் மரையை நைலான் தடியில் போட்டு, பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள்.