கழிவு பிறக்கும் இடம் எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தொழிற்சாலையில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் போதாதா? மாசு தடுப்புத் தொழில்நுட்பம் என்று தனியாக எதற்கு?

பதில்: போதாது. சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவு வந்து சேரும்போதே காசு கொடுத்து வாங்கிய ரசாயனம் வீணாகிவிட்டது. அங்கே தண்ணீரிலிருந்து பிரித்து எடுத்தாலும் அது கசடாக மாறி ஒரு மூலையில் குவியும், அதை எங்கே கொட்டுவது என்று அப்புறம் ஒரு தலைவலி.

முலாம் பூசும் பட்டறையைப் பாருங்கள். நிக்கல் கரைசலில் முக்கி எடுத்த பாகத்தை உடனே அலசும் தொட்டிக்குக் கொண்டுபோனால், ஒட்டியிருக்கும் கரைசல் முழுக்க அலசும் தண்ணீரில் போய்விடும். அதையே தொட்டிக்கு மேலேயே கொஞ்சம் சாய்த்து, சில விநாடிகள் கூடுதலாகச் சொட்ட விட்டால் அதில் நல்லதொரு பங்கு தொட்டிக்கே திரும்பிவிடும், செலவும் இல்லை. அடுத்தது அலசுவது. ஒட்டிவரும் கரைசல் ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்க வேண்டும் என்றால், ஒரே தொட்டியில் அதைப் போல ஆயிரம் மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். இரண்டு தொட்டிகளை அடுத்தடுத்து வைத்து, புதுத் தண்ணீரைக் கடைசித் தொட்டியில் விட்டு, அது நிரம்பி முதல் தொட்டிக்கு வரும்படி செய்தால் முப்பது மடங்கு சொச்சமே போதும். கூடுதலாக ஒரு தொட்டி, கொஞ்சம் குழாய், அவ்வளவுதான் வேலை. மாசு தடுப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி: இதில் லாபம் இருக்கிறது என்றால் முதலாளிகள் தாங்களாகவே செய்திருப்பார்களே?

பதில்: பலர் இப்படித்தான் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் அந்த லாபம் கணக்குப் புத்தகத்தில் தெரியாது. வீணான மூலப்பொருள் கொள்முதல் கணக்கில் இருக்கும், கழிவை அப்புறப்படுத்திய செலவு வேறொரு தலைப்பில் இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்காது. உற்பத்தியை நாலு நாள் நிறுத்தி மாற்றம் செய்தால் ஆர்டர் கைவிட்டுப் போகுமோ, வேறு ரசாயனம் மாற்றினால் வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்ற பயமும் உண்டு. அந்தப் பயத்தை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். 1975இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 'மாசு தடுப்பு லாபம் தரும்' என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கி, யோசனைகளைத் தன் ஊழியர்களிடமே கேட்டு வாங்கியது. இயந்திரத்தின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவருக்குத்தானே எது எங்கே வீணாகிறது என்று தெரியும்!

கேள்வி: அரசு என்ன செய்யலாம்? அபராதமா, மானியமா?

பதில்: மானியத்தை மட்டும் நம்பினால், படம் எடுத்துக் காட்டவும் எண்ணிக் கணக்குக் காட்டவும் வசதியான பெரிய சுத்திகரிப்பு இயந்திரத்துக்கே பணம் போகும் என்பது என் கருத்து. அபராதத்திலும் ஒரு குறை உண்டு, வரம்புக்குள் வந்தவுடன் நிறுவனம் அதோடு நின்றுவிடும்.

எனக்குப் பிடித்த வழி சுவீடன் 1992இல் கொண்டுவந்தது. பெரிய கொதிகலன்கள் வெளிவிடும் ஒவ்வொரு கிலோ நைட்ரஜன் ஆக்சைடுக்கும் 40 குரோனர் (சுவீடன் நாணயம்) கட்டணம். வசூலான பணத்தை அரசு வைத்துக்கொள்ளாமல், ஒவ்வோர் ஆலையும் எவ்வளவு ஆற்றல் உற்பத்தி செய்ததோ அந்த விகிதத்தில் ஆலைகளுக்கே திருப்பிக் கொடுத்தது. அதாவது, குறைவாகப் புகை விட்டு நிறைய உற்பத்தி செய்தவர் கட்டியதைவிட அதிகமாகத் திரும்பப் பெற்றார். வரம்பு என்று ஒன்று இல்லாததால் அடுத்த கிலோவையும் குறைக்க ஆசை இருந்துகொண்டே இருந்தது. கட்டணம் கணக்கிட வெளியேற்றத்தைத் தொடர்ந்து அளந்தாக வேண்டும். அளக்க ஆரம்பித்ததும் எரிப்பைச் சரியாக அமைத்தாலே எவ்வளவு குறைகிறது என்று ஆலைக்காரர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 1989 சட்டம் இன்னொரு மாதிரி. நச்சு ரசாயனங்களை அதிக அளவில் பயன்படுத்தும் ஆலை, அதை எப்படிக் குறைக்கலாம் என்று திட்டம் எழுதியே ஆக வேண்டும். எழுதிய திட்டத்தை நிறைவேற்றச் சொல்லிக் கட்டாயம் கிடையாது. ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் சும்மா இருப்பது கஷ்டம்.

கேள்வி: சிறு தொழில்களுக்கு இதெல்லாம் எட்டுமா?

பதில்: தனியாக விட்டால் எட்டாது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எங்கே போவது? அதற்காகத்தான் ஐ.நா. அமைப்புகளான யூனிடோவும் யூனெப்பும் 1994 முதல் வளரும் நாடுகளில், இந்த மாதிரி மாசு தடுப்புக்கு வழிகாட்டும் தூய்மை உற்பத்தி மையங்களை அமைக்க உதவின. பட்டறைக்கே ஆள் வந்து பார்த்து, இங்கே இதை மாற்று என்று கையைக் காட்டிச் சொல்ல வேண்டும், கருத்தரங்கில் ஒருநாள் உட்கார வைத்து அனுப்பினால் வேலைக்கு ஆகாது. சோதனைக்கு வரும் அதிகாரியும் ஆலோசனை சொல்ல வருபவரும் வேறுவேறு ஆட்களாக இருப்பதும் முக்கியம், இல்லாவிட்டால் யாரும் வாய் திறந்து உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: நான் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் நிலையத்தில் ஆபரேட்டர். என்னால் என்ன செய்ய முடியும்?

பதில்: உங்களால் நிறைய முடியும். ஒரு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஷிஃப்டில், எத்தனை மணிக்குக் கழிவுநீரின் நிறமும் அமிலத்தன்மையும் திடீரென்று மாறுகிறது என்று குறித்து வாருங்கள். அந்த நேரத்தில் மேலே எந்தத் தொட்டியைக் காலி செய்தார்கள், எந்தக் குழாயை மூடாமல் விட்டார்கள் என்று விசாரியுங்கள். அந்த நோட்டோடு, அதே மாதம் எவ்வளவு ரசாயனம் வாங்கினார்கள் என்ற பில்லையும் சேர்த்து உற்பத்திப் பிரிவு மேற்பார்வையாளரிடம் கொண்டுபோங்கள். யார் மேலும் பழி போடாமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.