அரமும் கூலியும்

கேள்வி: பைபிளில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்ற அபூர்வமான எபிரேயச் சொல் நம்முடைய 'தோகை'தான் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். நீங்கள் கொஞ்சம் எடை போட்டுச் சொல்லுங்களேன்.
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: போட்டுவிட்டேன். 7.8 கிராம். ஒரு சவரனுக்குச் சற்றே குறைவு.

பயப்படாதீர்கள், மயிலின் எடை அல்ல. 'பிம்' என்ற இன்னொரு எபிரேயச் சொல்லின் எடை. உங்கள் துக்கியாவது பைபிளில் இரண்டு இடத்தில் தலைகாட்டுகிறது. பிம் வருவது ஒரே இடத்தில்தான், 1 சாமுவேல் 13:21இல்.

இஸ்ரவேலரிடம் அப்போது கொல்லர் கிடையாது. விட்டால் வாளும் ஈட்டியும் அடித்துவிடுவார்கள் என்று பெலிஸ்தியர் அந்தத் தொழிலையே தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். ஏர்க்கொழு மழுங்கினால்கூட எதிரியின் ஊருக்கு இறங்கிப் போய்த்தான் தீட்ட வேண்டும். இதைச் சொல்லும் இடத்தில் 'பிம்' வருகிறது. மொழிபெயர்த்தவர்கள் விழித்தார்கள். எபிரேயத்தில் 'பெ' என்றால் வாய். அரிவாளின் வாய் மழுங்கிவிட்டது என்று நாம் சொல்வதுபோல அவர்களும் வாளின் கூருக்கு வாய் என்பார்கள். அந்த வாயைப் பிடித்துக்கொண்டு, தீட்டுகிற பேச்சு, ஆகவே இது அரமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1611இன் ஆங்கில பைபிளில் அரம். நம் பழைய தமிழ் பைபிளிலும் அவர்களிடம் அரங்கள் மட்டும் இருந்ததாகவே படிக்கிறோம். அரம் வீட்டிலேயே இருந்தால் கொழுவைத் தூக்கிக்கொண்டு எதற்கய்யா மலை இறங்க வேண்டும்?

விடை மண்ணுக்குள் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் இஸ்ரேலின் பழைய நகரமான லாகீஸ் முதலிய இடங்களில் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள் கிடைத்தன. அடி தட்டை, தலை உருண்டை. தலையில் பே, யோத், மேம் என்று மூன்று எழுத்து கீறியிருந்தது. பிம்! தராசில் வைத்தால் அந்தக் கால எடையான சேக்கலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அரமும் இல்லை, ஒன்றும் இல்லை. கொழு தீட்ட எடை போட்டுக் கொடுத்த வெள்ளி, அதாவது கூலி.

அந்தப் பெலிஸ்தியக் கொல்லனை எனக்கு நன்றாகவே தெரியும். நம் அலுவலகத்துக்கு ஒரு பிரின்டர் விற்றவன் அவன்தான். பிரின்டர் மலிவு. மை மட்டும் அவனிடமே வாங்க வேண்டும். வேறு மை ஊற்றினால் சிவப்பு விளக்கு எரியும், வேலைநிறுத்தம். போன மாதம் மைக்குப்பி வாங்கக் கடைக்குப் போனால், இதற்குப் புது பிரின்டரே வாங்கிவிடலாமே சார் என்கிறான். வாங்கினேன். அதற்குள் இருந்த மை பாதிக் குப்பி. மாதாமாதம் மலை இறங்கிக்கொண்டிருக்கிறேன். இஸ்ரவேலரின் ராஜா சவுலின் படையில் அவனுக்கும் அவன் மகன் யோனத்தானுக்கும் தவிர யாருக்கும் வாளில்லை என்று அடுத்த வசனம் சொல்கிறது. என் நிலைமை அதைவிட மோசம். இந்த இதழின் பக்கங்கள் பிழைதிருத்தப் போனது என் மருமகனின் கைப்பேசியில்.

சரி, தோகைக்கு வருவோம். அது உங்கள் நண்பரின் கண்டுபிடிப்பு அல்ல. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்திலேயே சொல்லிவிட்டார். சாலொமோனின் கப்பல்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு இவற்றோடு கொண்டுவந்தது மயில் என்றால், தோகை பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மயில்தானா? ஆல்பிரைட் என்ற அறிஞர் எகிப்தியச் சொல்லைக் காட்டி அதையும் ஒரு குரங்கு என்றார். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், ராஜாக்கள் நூலின் அந்த இடத்தில் குரங்கும் இல்லை, மயிலும் இல்லை. செதுக்கிய கற்கள் இருக்கின்றன! பிம்முக்குக் கல் சாட்சி சொன்னது. தோகைக்கு இதுவரை காது மட்டும்தான் சாட்சி. எனக்கென்னவோ கால்டுவெல் பக்கம்தான் சாய்வு. ஆனாலும் பத்திரம் பதிய அது போதாது. முன்பொரு முறை இப்படி எழுதியதற்கு ஒரு புலவர் என்னைத் தமிழ்த் துரோகி என்று ஆறு பக்கம் எழுதினார். ஒற்றுப்பிழை பதினான்கு.

உங்கள் நண்பர் இஸ்ரேல் போனால் மட்டும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. தோகை கேட்டவர் கையில் கூண்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.