ஓடாத தபாலுக்கு ஒரு முத்திரை

கேள்வி: என் தாத்தா மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து, அங்கிருந்தே இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். அவர் நினைவாக வீட்டில் வைக்க, நேதாஜியின் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) இயக்கத்தின் தபால்தலை ஒட்டிய பழைய கவர் ஒன்றை ஆன்லைன் சந்தைத் தளத்தில் 18,500 ரூபாய்க்கு வாங்கினேன். ‘1944, போர்ட் பிளேர் முத்திரை, தபாலில் போனது, ஒரிஜினல்’ என்று விளம்பரத்தில் இருந்தது. தபால்தலை சேகரிக்கும் நண்பர் பார்த்துவிட்டு முத்திரை போலி என்கிறார். விற்றவர், ‘பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார். பணம் கிடைக்குமா?
வாசகர், மதுரை

பதில்: நண்பர் சொல்வது சரி. உங்கள் வழக்குக்கு உயிரே அந்த வட்ட முத்திரைதான்.

ஆசாத் ஹிந்த் தபால்தலைகள் 1943-ல் பெர்லினில் அச்சானவை. எந்தத் தபால் நிலையத்திலும் விற்பனைக்கு வரவில்லை, தபாலிலும் ஓடவில்லை. அந்தமானை 1942 மார்ச்சிலேயே ஜப்பான் பிடித்துவிட்டது. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றினார். தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயரும் வைத்தார். இந்திய தேசிய ராணுவத்தின் லெப்டினன்ட் கர்னல் லோகநாதன் அங்கே நிர்வாகத் தலைவராகப் போனார். ஆனாலும் போலீஸ் உட்பட உண்மையான அதிகாரம் ஜப்பானியர் கையில்தான் இருந்தது. ஆகவே அந்தத் தபால்தலை மேல் 1944 போர்ட் பிளேர் முத்திரை என்றால், பின்னால் யாரோ குத்தியது. நீங்கள் அனுப்பிய போட்டோவில் முத்திரை வளையம் தபால்தலையிலிருந்து கவருக்கு அழகாக இறங்குகிறது. பார்த்தவர் நம்பத்தான் செய்வார், உங்கள் மேல் தப்பில்லை.

தபால்தலை மட்டும் அசலாக இருக்கலாம். விற்றவரும் அதைத்தான் பிடித்துக்கொள்வார். நீங்கள் விடாமல் கேட்க வேண்டியது, ‘தபாலில் போனது’ என்று சொன்னாரா இல்லையா என்பதுதான். விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இன்னும் தெளிவு: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற ஒரு வரி இதை மீற முடியாது.

ஒரு சிக்கல் உண்டு. எப்போதாவது தன் சொந்தப் பொருளை விற்கும் தனிநபருக்கு இந்த விதிகள் பொருந்தாது. தளத்தில் உங்களுக்கு விற்றவர் பெயரில் இன்னும் எத்தனை கவர் விற்பனைக்கு இருக்கிறது என்று இன்றே பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வரிசையாக விற்பவர் என்றால் அவர் வியாபாரிதான். விளம்பரப் பக்கத்தையும் தேதியோடு சேமியுங்கள். நோட்டீஸ் போனதும் அது காணாமல் போய்விடும், பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே விற்றவருக்கு வக்கீல் நோட்டீஸ். மசியவில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நினைவுக்காக வாங்கினேன் என்று மனுவில் எழுதுங்கள். மறுவிற்பனைக்கு வாங்கினால் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும். நண்பரிடமோ வேறு அனுபவமுள்ள சேகரிப்பாளரிடமோ கையெழுத்திட்ட கருத்து வாங்கி இணையுங்கள்.

போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா என்றால், அதற்கு விற்றவருக்குப் போலி என்று முன்பே தெரிந்திருந்ததைக் காட்ட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் அந்தச் சுமை கிடையாது. அதனால் அங்கேயே தொடங்குவது நல்லது.

கவரை அப்படியே, அது வந்த பார்சல் உறையோடு வையுங்கள். தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கவே கூடாது. பணம் கைக்கு வரும் முன் அசலைத் திருப்பி அனுப்பாதீர்கள். கோபத்தில் அதே விளம்பரத்தோடு வேறொருவருக்கு விற்றுவிடவும் வேண்டாம், போலி என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.