கணினிக் கேள்வி பதில்: எடையும் விலையும் இடம் மாறினால்

(ஆணைகளை நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்வீர்கள், அச்சு வசதிக்காக இங்கே தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறோம்.)

வாசகி, பாம்பன்: அப்பாவின் மீன் ஏலக் கணக்கை நோட்டிலிருந்து மடிக்கணினிக்கு மாற்றியிருக்கிறேன். எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியில் 'வரத்து' என்று ஓர் அட்டவணை. அதில் நாள், படகு, மீன், எடை, விலை என ஐந்து நெடுவரிசைகள். சீட்டைப் பார்த்து, 'இன்சர்ட் இன்டூ வரத்து வேல்யூஸ் ('2025-02-11', 'வல்லம் 3', 'நண்டு', 450, 42);' என்பதுபோல் பதிவுகளைச் சேர்க்கிறேன். ஒருமுறைகூடப் பிழைச்செய்தி வரவில்லை; பணக் கணக்கும் நோட்டோடு ஒத்துப்போகிறது. மாதக் கடைசியில் மொத்த எடை மட்டும் மலைபோல் வருகிறது. ஏன்?

பதில்: உங்கள் சீட்டில் விலை முன்னும் எடை பின்னும் எழுதப்படுகிறது என்று நினைக்கிறேன், அட்டவணையிலோ எடைதான் முதலில் வருகிறது. நெடுவரிசைகளின் பெயரைச் சொல்லாமல் மதிப்புகளை மட்டும் கொடுத்தால், தரவுத்தளம் அவற்றை அட்டவணை உருவான வரிசைப்படியே நிரப்பிக்கொண்டு போகும். ஆகவே, கிலோ 450 ரூபாய்க்குப் போன 42 கிலோ நண்டு, உங்கள் கணக்கில் கிலோ 42 ரூபாய்க்குப் போன 450 கிலோ நண்டாகிவிட்டது. எப்படிப் பெருக்கினாலும் 18,900 ரூபாய்தான் என்பதால் பணக் கணக்கு இந்தப் பிழையை மறைத்துவிட்டது. இரண்டும் எண்களாக இருப்பதால் தரவுத்தளத்துக்கும் ஐயம் எழ வழியில்லை. ஒரு வல்லம் ஒரே நாளில் இவ்வளவு நண்டு கொண்டுவருமா என்று அது கேட்காது, உங்கள் அப்பாதான் கேட்பார்.

இனி நெடுவரிசைப் பெயர்களை எழுதாமல் ஒரு பதிவையும் சேர்க்காதீர்கள்: 'இன்சர்ட் இன்டூ வரத்து (நாள், படகு, மீன், விலை, எடை) வேல்யூஸ் ('2025-02-11', 'வல்லம் 3', 'நண்டு', 450, 42);'. அடைப்புக்குள் இருக்கும் பெயர்கள் அட்டவணையின் வரிசையில்தான் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், சீட்டு எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் பெயர்களை எழுதிவிட்டு, கண் போகிற போக்கில் மதிப்புகளை அடிக்கலாம். நாளைக்கு ஐஸ் செலவுக்கென்று இன்னொரு நெடுவரிசையைச் சேர்த்தாலும், அதை வெறுமையாக விட அனுமதித்திருந்தால், இந்த ஆணை மாறாமல் ஓடும். ஆனால் உங்கள் பழைய ஆணையை மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் போன்ற தரவுத்தள மென்பொருள்கள் மதிப்புகளின் எண்ணிக்கை குறைகிறது என்று மறுத்துவிடும்.

ஏற்கெனவே ஏறிய வரிகளை, அதாவது பதிவுகளை, திருத்துவதில்தான் கவனம் வேண்டும். முதலில் தரவுத்தளக் கோப்பை நகலெடுத்து வையுங்கள். எஸ்க்யூலைட்டிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் 'அப்டேட் வரத்து செட் எடை = விலை, விலை = எடை' என்ற ஆணை இரண்டையும் ஒழுங்காக இடம் மாற்றும், ஏனெனில் சமக்குறிக்கு வலப்புறம் பழைய மதிப்புகளே எடுத்துக்கொள்ளப்படும். மைஎஸ்க்யூஎல் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் செய்வதால் அங்கே எடையும் 42, விலையும் 42 என்று ஆகி, 450 தொலைந்துபோகும். அதில் தற்காலிகமாக ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, பழைய எடையை அதில் வைத்துக்கொண்டுதான் மாற்றவேண்டும். எந்த நாள்களின் வரிகள் தலைகீழாக இருக்கின்றன என்பதை, ஆணையின் கடைசியில் சேர்க்கும் 'வேர்' நிபந்தனையில் கட்டாயம் குறிப்பிடுங்கள். அதை விட்டுவிட்டு, சரியாக இருந்த வரிகளையும் புரட்டிப்போட்டு, ஓர் இரவு முழுக்கச் சீட்டுகளை மறுபடி அடுக்கியவன் நான்.

வாசகர், தங்கச்சிமடம்: சிக்னல் விட்டு விட்டு வருவதால் 'சேமி' பொத்தானை இரண்டு முறை அழுத்திவிடுகிறோம்; ஒரே சீட்டு இரண்டு வரிகளாக ஏறிவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் தானாக ஏறும் எண் இருந்தும் இது எப்படி நடக்கிறது?

பதில்: அந்த எண் இருப்பதால்தான் நடக்கிறது. வருகிற ஒவ்வொரு வரிக்கும் அது புது எண் கொடுத்துவிடுவதால், இரண்டும் வெவ்வேறு வரிகளாகவே கருதப்படும். நாள், சீட்டு எண் இரண்டையும் சேர்த்து 'யுனீக்' என்று, அதாவது அதே ஜோடி மறுமுறை வரக்கூடாது என்று, கட்டுப்படுத்துங்கள். அதற்கு முன் இப்போதிருக்கும் இரட்டைகளை நீக்கிவிட வேண்டும். பிறகு இரண்டாவது அழுத்தலுக்குப் பிழைச்செய்தி வரும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

வாசகர், மண்டபம்: எங்களுடையது விசைப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாள்களுக்கும் எடையைப் பூச்சியம் என்று சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம், கடலுக்குப் போகாத நாளுக்கு வரியே தேவையில்லை. போய் வெறுங்கையோடு திரும்பிய நாளுக்குப் பூச்சியம் இடுங்கள். மீன் வந்தும் எடை போடாமல் விட்டிருந்தால், மதிப்பு தெரியாது என்பதைக் குறிக்கும் 'நல்' என்று இடுங்கள். சராசரி எடுக்கும்போது இந்த வேறுபாடு தெரியும்: மூன்று நாள்களின் எடை 30, 0, 60 என்றால் சராசரி 30 கிலோ, நடுவில் பூச்சியத்துக்குப் பதில் 'நல்' இருந்தால், அந்த வரியைக் கணக்கில் கொள்ளாமல் 45 கிலோ என்று சொல்லும்.