வயலில் காயப்பட்ட கால் சிவந்து வீங்கினால் பூச்சு மருந்து போதுமா?

வெல்லாவெளிப் பக்கம் வேளாண்மை செய்கிற அப்பாவுக்கு மண்வெட்டி பட்ட கால் சிவந்து வீங்கிவிட்டது, பூச்சு மருந்து போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. தொட்டால் சுடுகிறது, அழுத்தினால் நோகிறது, சிவப்பும் பரவுகிறது என்றால் பெரும்பாலும் செலுலைட்டிஸ் என்ற தோல் தொற்றுத்தான். ஸ்ட்ரெப்டோகொக்கஸ், சில நேரம் ஸ்டெபைலோகொக்கஸ் என்ற பக்டீரியா காயத்தின் வழியாக உள்ளே போய்த் தோலின் அடியில் பரவுகிறது, மேலே பூசுவது அங்கே எட்டாது.

சிவப்பின் ஓரத்தில் இப்பவே பேனாவால் கோடு போட்டு, காலைத் தலையணையில் உயர்த்தி வைத்து, இன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் புளுக்ளொக்சசிலின் போன்ற அன்டிபயோட்டிக் குளிசை 5 முதல் 7 நாள் தருவார்கள், ஏற்பு ஊசியும் தேவைப்படலாம். வீட்டில் மிச்சம் கிடக்கும் குளிசையைக் கொடுக்கிற வேலை வேண்டாம். முதல் நாளில் சிவப்பு கொஞ்சம் கூடலாம், ஆனால் 2 நாள் மருந்துக்குப் பிறகும் கோட்டைத் தாண்டினால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

சீனி வருத்தம் இருந்தால் அதையும், சேற்றில் வேலை செய்வதையும் மறக்காமல் சொல்லுங்கள். மண்ணிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ் மட்டக்களப்பிலும் கண்டறியப்பட்டிருக்கிறது, அதற்கு மருந்தே வேறு.

குளிர்காய்ச்சல், தாங்க முடியாத வலி, தோல் கறுத்தல், கொப்புளம், இதில் ஒன்று வந்தாலும் இரவென்று பார்க்காமல் நேரே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.